கனம் அறிந்த கை

சோதனையில் தேறாத என் பழைய மாணவன் ஒருவன் பட்டணத்து லேத்துப் பட்டறையில் கூட்டிப் பெருக்குகிறான். சென்ற மாதம், தேய்ந்துபோன வெட்டுமுனை ஒன்றை என்னிடம் நீட்டினான்.

“இரும்புக் கழிவோடு போடச் சொல்கிறார்கள். இரும்பைவிட இரு மடங்கு கனக்கிறதே, சார்?”

அது டங்ஸ்டன் கார்பைடு, கோபால்ட்டால் பிணைத்தது. இரும்போடு போனால் இரும்பு விலைதான். தனியே சேர்த்தால், ஆலையில் சுமார் 900 பாகை செல்சியசில் உருகிய துத்தநாகத்தில் இடுவார்கள். துத்தநாகம் கோபால்ட்டோடு கலந்து முனையை உதிர வைக்கும். பிறகு துத்தநாகத்தை ஆவியாக்கி நீக்கினால், மிஞ்சும் பொடியில் புது முனை செய்யலாம்.

இதை முதலாளியிடம் சொன்னானாம். இப்போது அதற்கென்று தனி டப்பா, அவன் பொறுப்பில்!

பெற்றோர்களே, தேறாத பிள்ளையைப் பழைய இரும்போடு சேர்த்து எடைபோட்டுவிடாதீர்கள்.