கருவி பொய் சொல்கிறதா?

மாணவ நண்பர்களே, திருகு அளவியைக் கையில் எடுத்ததும் முதலில் என்ன செய்வீர்கள்? சுழிப்பிழை உண்டா என்று பார்ப்பீர்கள் அல்லவா? ஆனால் கணிப்பொறிக்குள் இருக்கும் கருவிகளை நாம் இப்படிச் சோதிப்பதில்லை. அவை சொல்வதை அப்படியே நம்புகிறோம். இல்லையேல் 'கெட்டுப்போயிற்று' என்று ஒதுக்குகிறோம். இரண்டும் தவறு என்பது என் கருத்து.

எங்கள் இராஜாக்கமங்கலத்தில் ஒரு மாணவி, அறிவியல் கண்காட்சிக்காகக் கடற்கரை மணலின் நிறத்தை எண்களால் குறிக்க முயன்றாள். குமரிக் கடற்கரையில் வெண்மணலோடு இல்மனைட் கலந்த கருமணலும், கார்னெட் கலந்த செம்மணலும் உண்டு. மணலைப் படமெடுத்து, 'கிம்ப்' என்னும் இலவச மென்பொருளில் நிறம் எடுக்கும் கருவியால் தொட்டுப் பார்த்தாள். தொட்ட புள்ளியின் நிறத்தை அது சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று எண்களாகச் சொல்லும். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கும். கருமைக்குச் சிறிய எண்கள் வரவேண்டும். அவளுக்கு வந்தவையோ 200ஐ ஒட்டிய எண்கள்!

"சார், கருவி சரியில்லை. 40, 40, 40 என்று நானே எழுதிவிடட்டுமா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன். புதிய படம் ஒன்றைத் திறந்து, முழுவதும் தூய சிவப்பை நிரப்பச் சொன்னேன். கருவி 255, 0, 0 என்று சரியாகக் காட்டியது. அப்படியானால் பிழை கருவியில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது.

தேடியதில் காரணம் கிடைத்தது. வெண்மணல் படத்தின் மேல் கருமணல் படத்தை அடுக்கி வைத்திருந்தாள். கண்ணுக்குத் தெரிந்தது மேல் அடுக்கு. தேர்வு செய்யப்பட்டிருந்ததோ கீழ் அடுக்கு. தேர்ந்த அடுக்கை மட்டும் படிக்கும்படி கருவி அமைக்கப்பட்டிருந்தது. அது தனக்கிட்ட வேலையைத்தான் செய்தது!

மேல் அடுக்கைத் தேர்ந்ததும் எண்கள் குறைந்தன. ஆனால் தொடுமிடந்தோறும் அவை மாறின. ஏன்? கருவி ஒரே ஒரு புள்ளியைப் படித்தது. அங்கே கரிய துகளும் இருக்கலாம், வெள்ளைத் துகளும் இருக்கலாம். சுற்றியுள்ள புள்ளிகளின் சராசரியை எடுக்கும் வசதியை இயக்கியதும் மாற்றம் வெகுவாகக் குறைந்தது. இனி எல்லா மணலையும் ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்துப் படமெடுக்க வேண்டும் என்பதையும் அவளே கண்டுகொண்டாள்.

அன்று 40, 40, 40 என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கண்காட்சியில் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். ஆனால் அடுக்கையும் அறிந்திருக்க மாட்டாள், சராசரியின் தேவையையும் அறிந்திருக்க மாட்டாள்.

ஆகவே எதிர்பாராத எண் வந்தால் அதை அழிக்காதீர்கள். விடை தெரிந்த ஒன்றைக் கொடுத்து முதலில் கருவியைச் சோதியுங்கள். பின்பு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். நாம் விரும்பும் எண்ணை எழுதுவதற்குக் கருவி எதற்கு?