கிண்ணங்களை எண்ணுவதை நிறுத்துவோம்



தமிழ்ப்பள்ளிகளுக்கிடையிலான காற்பந்துப் போட்டிகள் முடிந்ததும் ஆண்டுதோறும் ஒரே வழக்கு நம்மிடையே எழுகின்றது. கிள்ளான் மாவட்டத்தின் வெற்றியாளர் வலிமையானவரா, பெட்டாலிங் மாவட்டத்தின் வெற்றியாளர் வலிமையானவரா? கோல லங்காட்டில் அரையிறுதியோடு வெளியேறிய பள்ளி கோலாலம்பூரில் ஆடியிருந்தால் கிண்ணத்தையே வென்றிருக்குமா? பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் தொடங்கும் இவ்வழக்கு, கல்யாண மண்டபப் பந்தி வரை நீள்கின்றது. வழக்காடுவதை நான் குறை கூறவில்லை. காற்பந்தைப் பற்றி வாதிடாத வீடு கிள்ளான் பள்ளத்தாக்கில் உண்டா என்ன? ஆனால், அவ்வாதத்தின் முடிவைக் கொண்டு பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, எந்த ஆசிரியரை மெச்சுவது, எந்தப் பள்ளியை இளக்காரமாகப் பார்ப்பது என்று தீர்மானிக்கத் தொடங்கிவிட்டோமே, அதைத்தான் கண்டிக்கின்றேன்.

கிண்ணம் ஒரு பள்ளியின் வலிமைக்குச் சான்றாகாது. யாரோடு ஆடி, எத்தனை ஆட்டங்கள் ஆடி, எத்தனை பிள்ளைகளிலிருந்து தேர்ந்தெடுத்து அக்கிண்ணம் பெறப்பட்டது என்பதைச் சொல்லாத வரையில் அது வெறும் உலோகம்.

நம் நாட்டின் பழைய கதையையே பார்ப்போம். மலாயாக் கிண்ணம் 1921-ஆம் ஆண்டில் தொடங்கியது. எச்.எம்.எஸ். மலாயா என்னும் போர்க்கப்பலின் அதிகாரிகளும் மாலுமிகளும் அன்பளிப்பாகத் தந்த கிண்ணம் அது. போருக்கு முந்திய காலத்தில் குழுக்களை வடக்கு, தெற்கு என இரு பிரிவுகளாகப் பிரித்து, இரு பிரிவுகளின் வெற்றியாளர்களையும் இறுதியாட்டத்தில் மோதவிட்டனர். சிலாங்கூர் வடக்கில், சிங்கப்பூர் தெற்கில். 1921 முதல் 1941 வரை நடந்த 21 இறுதியாட்டங்களிலும் தெற்கிலிருந்து வந்த குழு சிங்கப்பூர்தான். வடக்கிலிருந்தோ சிலாங்கூர், பேராக், பினாங்கு, கெடா என மாறி மாறி வந்தன.

இப்போது சொல்லுங்கள்: சிங்கப்பூர் அவ்வளவு வலிமையான குழுவா, தெற்குப் பிரிவு அவ்வளவு வலுவற்றதா? 21 ஆண்டுகள் இறுதிக்கு வந்ததைக் கொண்டு இவ்வினாவிற்கு விடை கூறவே முடியாது. இறுதியாட்ட முடிவுகளைப் பார்த்தால்தான் கொஞ்சமேனும் தெரியும். 1927-இல் சிலாங்கூர் சிங்கப்பூரை 8-1 என வென்றது. 1928, 1929 ஆகிய ஈராண்டுகளும் கிண்ணம் இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஆக, தெற்கில் அசைக்க முடியாத குழு, வடக்கின் குழுவைச் சந்தித்தபோது சில ஆண்டுகள் வென்றது, சில ஆண்டுகள் தோற்றது. பிரிவைத் தாண்டி மோதிய அந்த ஓர் ஆட்டம்தான் அளவுகோல். மற்றதெல்லாம் உள்வீட்டுக் கணக்கு.

‘சிலாங்கூர் 33 முறை மலேசியக் கிண்ணம் வென்ற மாநிலம், நம்மை மிஞ்ச யாருண்டு’ என்று கிள்ளான் நண்பர்கள் நெஞ்சு நிமிர்த்துவர். நானும் இம்மாநிலத்தில்தான் பணியாற்றுகின்றேன், எனக்கும் பெருமைதான். ஆனால் அந்த 33-இல் பகிர்ந்துகொண்ட இரண்டும் அடக்கம். கடைசியாக வென்றது 2015-இல். மறுபுறம் ஜொகூரின் ஜேடிதி குழு 2014 முதல் 2024-25 பருவம் வரை சூப்பர் லீக் பட்டத்தைத் தொடர்ந்து 11 முறை வென்றுள்ளது. ‘அப்படியானால் ஜொகூர்தான் பெரிது’ என்பார் இன்னொருவர். ஒன்று நூற்றாண்டுக் கணக்கு, மற்றொன்று பத்தாண்டுக் கணக்கு. ஒன்று தோற்றால் வெளியேறும் போட்டி, மற்றொன்று எல்லாருடனும் ஆடித் தீர வேண்டிய போட்டி. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது எடையையும் நீளத்தையும் கூட்டுவதற்கு ஒப்பாகும். மூன்றாம் ஆண்டு மாணவன் அவ்வாறு செய்தால் சிவப்பு மையால் சுழித்துவிடுவோம். ஜேடிதியின் வலிமைக்கு நான் மதிப்பளிப்பது அந்த 11 பட்டங்களுக்காக அன்று. 2015-இல் ஏஎப்சி கிண்ணத்தை வென்று வந்ததற்காக. தென்கிழக்காசியக் குழு எதுவும் அதற்கு முன் அக்கிண்ணத்தை வென்றதில்லை.

பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்த என் தலைமுறைக்கு 1987, 1988, 1989 ஆகிய மூன்றாண்டுகள் மறக்கவியலாதவை. கோலாலம்பூர் தொடர்ந்து மூன்று முறை மலேசியக் கிண்ணம் வென்றது. மூன்று இறுதியாட்டங்களிலும் தோற்றது கெடா. அக்காலத்தில் கெடாவைக் கேலி செய்யாத சிறுவன் எங்கள் தெருவில் இல்லை. ஆனால் அக்கோலாலம்பூர்க் குழுவின் முதுகெலும்பாக ஆடிய ஃபண்டி அகமதுவும் மாலிக் அவாப்பும் எந்த ஊர்? சிங்கப்பூர். அப்படியென்றால் அது எந்த ஊரின் வலிமை? அடுத்த ஆண்டு, 1990-இல், மூன்று முறை தோற்ற அதே கெடா சிலாங்கூரை வென்று கிண்ணத்தைத் தூக்கியது. மூன்று முறை இறுதியில் தோற்ற குழுவை வலுவற்ற குழு என்று சொன்னவர்கள் எங்கே போய் முகத்தை வைத்துக்கொண்டார்களோ தெரியவில்லை.

இது நமக்கு மட்டும் உரிய நோயன்று. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் காற்பந்தில் இது பெரும் வணிகமாகவே நடக்கின்றது. (அவர்களின் காற்பந்தில் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவார்கள், பெயர்தான் காற்பந்து.) அங்கே பல்கலைக்கழகங்கள் மண்டலக் கூட்டமைப்புகளாகப் பிரிந்து ஆடுகின்றன. 2023-இல் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் 13 ஆட்டங்களிலும் தோல்வியின்றித் தன் கூட்டமைப்பின் பட்டத்தையும் வென்றது. ஆயினும் தேசியப் பட்டத்திற்கான நான்கு குழுக்களில் அதற்கு இடம் தரப்படவில்லை. அதன் முதன்மை ஆட்டக்காரர் காயமுற்றிருந்தார் என்பது காரணம். ஒரு தோல்வி கண்ட அலபாமாவுக்கு இடம் கிடைத்தது. பின்னர் வேறொரு கிண்ண ஆட்டத்தில், முக்கிய ஆட்டக்காரர் பலர் ஆடாத நிலையில், ஃபுளோரிடா குழு ஜார்ஜியாவிடம் 63-3 எனத் தோற்றது. ‘பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரி’ என்றது ஒரு தரப்பு. ‘அழைத்திருந்தால் முழுக் குழுவும் ஆடியிருக்கும்’ என்றது மறுதரப்பு. அடுத்த பருவத்திலிருந்து அவர்கள் நான்கைப் பன்னிரண்டாக்கினர். மேசையில் அமர்ந்து வலிமையை அளக்க முடியாது, கூடுதலாக ஆடவிட வேண்டும் என்பதை அவ்வளவு பணம் புரளும் இடத்திலேயே ஒப்புக்கொண்டார்கள்.

நம் திடலுக்கு வருவோம்.

1,000 மாணவர் பயிலும் ஒரு தமிழ்ப்பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு ஆண்டுகள், பாதிப்பேர் ஆண்பிள்ளைகள் என்று கொண்டால் ஓராண்டுக்கு ஏறக்குறைய 83 பையன்கள். ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளைச் சேர்த்தால் 166 பேரிலிருந்து குழுவைத் தேர்ந்தெடுக்கலாம். 90 மாணவர் பயிலும் பள்ளியிலோ அதே கணக்கில் 15 பேர். அவர்களில் ஒருவனுக்கு மூச்சிரைப்பு, ஒருவனுக்குக் கண்ணாடி, இருவருக்குப் பந்தே பிடிக்காது. மிஞ்சியவர்கள்தான் குழு. (பெண்பிள்ளைகளை நாம் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும், கோபத்தோடு.) இவ்விரு பள்ளிகளும் மோதி 2-0 என முடிந்தால் பெரிய பள்ளிக்குக் கைதட்டுவதா, சிறிய பள்ளிக்கா? நான் சிறிய பள்ளியின் பயிற்றுநரைத்தான் தேடிப்போய்க் கை குலுக்குவேன்.

150-க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளிகளைக் கல்வியமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என வகைப்படுத்துகின்றது. நம் தமிழ்ப்பள்ளிகள் பல அவ்வகையைச் சேர்ந்தவை. அத்தகைய பள்ளியில் பந்து நன்றாக ஆடும் பையன் ஒருவனைக் ‘கிண்ணம் வெல்லும் பள்ளிக்கு’ ஐந்தாம் ஆண்டில் மாற்றிக்கொண்டு போகின்றார் ஒரு தந்தை. என் கண்ணெதிரே நடந்தது. புதிய பள்ளியில் அவன் மாற்று ஆட்டக்காரனாகப் பெஞ்சில் உட்கார்ந்தான். பழைய பள்ளியில் அவனோடு ஆடியவர்களுக்கு அவ்வாண்டு குழுவே அமையவில்லை. கிண்ணத்தை எண்ணிப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதன் விலை இதுதான்.

அடுத்து, போட்டியின் அமைப்பு. நம் போட்டிகளில் பெரும்பாலானவை ஒரே நாளில் முடிபவை. காலையில் திறப்புரை, பிரமுகர் வருகைக்காகக் காத்திருப்பு, பிறகு அவசர அவசரமாகப் பாதிக்குப் பத்து நிமிடம் என ஆட்டம். கோல் விழவில்லையா, பெனால்டி. பதினொரு வயதுப் பையனின் கால் நடுக்கத்தில் ஒரு மாவட்டத்தின் ‘வலிமை’ தீர்மானிக்கப்படுகின்றது!

16 பள்ளிகள் பங்கேற்கும் வெளியேற்றுச் சுற்றுப் போட்டியில் மொத்தம் 15 ஆட்டங்கள். எட்டுப் பள்ளிகள் ஓர் ஆட்டத்தோடு வீட்டுக்குப் போகின்றன. ஓராண்டுப் பயிற்சி, இருபது நிமிட ஆட்டம், ஒரு பொட்டலம் நாசி லெமாக். ஆனால் அண்டையிலுள்ள ஆறு பள்ளிகள் ஒன்றோடொன்று ஆடினாலும் அதே 15 ஆட்டங்கள்தான். ஒவ்வொரு பள்ளியும் ஐந்து முறை ஆடும். சனிக்கிழமைக்கு மூன்று ஆட்டங்கள் வீதம் ஐந்து வாரங்களில் முடிந்துவிடும். தோற்ற பள்ளி அடுத்த வாரம் திருத்திக்கொண்டு வரும். திருத்திக்கொள்ள வாய்ப்பளிக்காத ஒன்றைக் கல்வி என்று எப்படி அழைப்பது?

இதையெல்லாம்விடக் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழ்ப்பள்ளிகளுக்கு மட்டுமான போட்டிகளில் காட்டும் ஆர்வத்தில் பாதியைக்கூட மாவட்டப் பள்ளிகள் விளையாட்டு மன்றத்தின் போட்டிகளில் நாம் காட்டுவதில்லை. அங்கேதான் தேசியப்பள்ளியும் சீனப்பள்ளியும் வருகின்றன. ‘அங்கே போனால் முதல் சுற்றிலேயே அடி வாங்குவோம் டீச்சர், எதற்கு வீண் அலைச்சல்’ என்று என்னிடமே கூறியிருக்கின்றனர். அடி வாங்கினால்தானே எங்கே நிற்கிறோம் என்பது தெரியும்? நமக்குள் ஆடி, நமக்குள் வென்று, சான்றிதழில் மாநில நிலை என்று அச்சிட்டுக்கொண்டால் பையனின் கால் வலுப்பெற்றுவிடாது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, நியாயமான மறுப்பு. ‘நமக்கென்று தனிப் போட்டி இல்லாவிட்டால் நம் பிள்ளைகளில் பாதிப்பேர் திடலையே பார்க்கமாட்டார்கள். மற்ற இடங்களில் அவர்களுக்குப் பந்து கிடைக்காது.’ உண்மை. அப்போட்டிகளை மூட வேண்டும் என்று நான் கூறவில்லை. அவை வாசற்படியாக இருக்கட்டும். வாசற்படியிலேயே பாய் விரித்துப் படுத்துவிட வேண்டாம் என்கின்றேன்.

ஏனெனில் நாம் ஒருகாலத்தில் வீட்டுக்குள் வந்தவர்கள்தாம். 1972 மூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய குழுவில் எம். சந்திரன் இருந்தார். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற குழுவின் கோல் காவலர் ஆர். ஆறுமுகம், நீண்ட கைகளால் ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே அழைத்தது. 2010-இல் மலேசியா முதன்முறையாகத் தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்றபோது பயிற்றுநர் கே. ராஜகோபால், குழுவில் எஸ். குணாளனும் கே. குருசாமியும் இருந்தனர். அவர்களில் எவரும் இந்தியர் கிண்ணத்தை மட்டும் வென்று அங்கே போய்ச் சேரவில்லை. எல்லாரோடும் மோதி இடம் பிடித்தார்கள்.

அன்று தோட்டந்தோறும் ஒரு திடல் இருந்தது. பால்மரக் காட்டின் நடுவே, கோயிலுக்கும் பள்ளிக்கும் இடையே, சாய்வாகவோ மேடாகவோ ஒரு திடல். மாலையில் பெரியவர்களோடு சிறுவர்களும் ஆடினர். சீபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயாவாயிற்று. பூச்சோங், ஷா ஆலம் தோட்டங்களும் வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் அடுக்குமாடிக்குப் போனார்கள், திடல் போகவில்லை. இடம் மாறிய பள்ளிகள் பலவற்றில் இன்று சபைகூடும் சிமெண்டுத் தளமே திடலும். நம் பிள்ளைகள் பின்தங்கியதற்குக் காரணம் தேடுவோர் எந்த மாவட்டம் பெரிது என்பதை விட்டுவிட்டு, எந்தப் பள்ளிக்குப் புல் இருக்கிறது என்று பட்டியலிடட்டும்.

இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் முயற்சியில் உருவாகி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்னும் பெயரில் 2019 முதல் 2022 வரை சூப்பர் லீக்கிலேயே ஆடிய குழு நமக்கு இருந்தது. ஜேடிதியோடும் சிலாங்கூரோடும் ஒரே திடலில் நின்ற குழு. 2022 பருவத்திற்குப் பின் அது விலகிக்கொண்டது. அக்குழு கிண்ணம் வெல்லவில்லை என்பதால் நம்மில் பலருக்கு அது இருந்ததே தெரியாது. நான்கு பருவங்கள் நாட்டின் உயர்ந்த லீக்கில் நின்றதை மாவட்டக் கிண்ணம் பத்துக்கும் மேலாக நான் மதிக்கின்றேன்.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. ‘தேர்வு இருக்கிறது, பயிற்சிக்கு நேரமில்லை’ என்னும் சாக்கு அதோடு போயிற்று. சனிக்கிழமை டியூஷன் மட்டும் போகவில்லை.

எங்கள் பகுதியில் ஆறு பள்ளிகளின் புறப்பாடப் பொறுப்பாசிரியர்களோடு பேசிவருகின்றேன். நால்வர் இணங்கியுள்ளனர். 15 பையன்களே உள்ள இரு பள்ளிகள் இணைந்து ஒரே குழுவாக ஆட அனுமதிக்கலாமா என்பதில் ஒருவருக்குத் தயக்கம். பேருந்துக் கட்டணத்தை யார் ஏற்பது என்பதில் இன்னொருவருக்கு. தேசியப்பள்ளி ஒன்றும் தன் திடலை இரண்டு சனிக்கிழமைகளுக்குத் தர முன்வந்துள்ளது, தன் குழுவையும் ஆடவிட வேண்டும் என்னும் நிபந்தனையோடு. அந்நிபந்தனையை நான் உடனே ஏற்றுக்கொண்டேன். பேருந்துக்கு வழி தெரிந்த பெற்றோர் தெரிவியுங்கள்.