குளுட்டமின்: கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

தீவிர சிகிச்சைப் பிரிவில் காலை ரவுண்ட்ஸின்போது உணவுச் சீட்டைப் புரட்டினால் ஒரு வரி இன்னும் கண்ணில் படுகிறது. ரைல்ஸ் டியூப் வழியே செலுத்தும் கஞ்சிக்கும் புரதப் பொடிக்கும் கீழே, ‘குளுட்டமின் 10 கிராம், மூன்று வேளை’ என்று எழுதியிருக்கும். நோயாளியின் கிரியாட்டினின் 4-ஐத் தாண்டியிருக்கும். நார்அட்ரினலின் ஓடிக்கொண்டிருக்கும். ஆனாலும் நேற்றைய சீட்டிலிருந்து இன்றைய சீட்டுக்கு அந்த வரி அப்படியே வந்துவிடும். அதை நிறுத்த வேண்டும் என்பதே இந்த உரையின் நோக்கம்.

வழக்கம் தோன்றியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பிளாஸ்மாவில் உலவும் அமினோ அமிலங்களில் அளவில் முதலிடம் குளுட்டமினுக்குத்தான். தசைகள் அதைத் தயாரித்து அனுப்புகின்றன. குடலின் உட்சுவர் செல்களும் லிம்போசைட்டுகளும் அதை எரிபொருளாக்கிக்கொள்கின்றன. ரத்தத்தில் அமிலத்தன்மை கூடும்போது சிறுநீரகம் குளுட்டமினிலிருந்து அம்மோனியாவைப் பிரித்தே அமிலத்தை வெளியேற்றுகிறது. செப்சிஸிலும் பெரும் தீக்காயத்திலும் இந்தத் தேவை உற்பத்தியை மிஞ்சிவிடும். தீவிர சிகிச்சைக்கு வரும்போதே பிளாஸ்மா அளவு லிட்டருக்கு 0.42 மில்லிமோலுக்குக் கீழே இருந்தவர்களிடம் இறப்பு அதிகம் என்று 2001-இல் ஒரு டச்சு ஆய்வு காட்டியது. குறைந்திருக்கிறது, எனவே ஊட்டுவோம் என்று மருத்துவ உலகம் முடிவுக்கு வந்தது.

அந்த முடிவை 2013-இல் வெளிவந்த ரெடாக்ஸ் ஆய்வு உடைத்தது. 40 தீவிர சிகிச்சைப் பிரிவுகள், 1,223 நோயாளிகள். எல்லோரும் வென்டிலேட்டரில் இருந்தவர்கள், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட உறுப்புகள் செயலிழந்தவர்கள். குளுட்டமின் பெற்றவர்களில் 37.2 சதவீதம் பேர் மருத்துவமனையிலேயே இறந்தனர். பெறாதவர்களில் 31 சதவீதம். அளவு பார்க்கப்பட்ட சிறு குழுவில் மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான் தொடக்கத்தில் குளுட்டமின் குறைவாக இருந்தது. மற்றவர்களுக்கு இல்லாத குறையை நாம் நிரப்பினோம். தீக்காயமாவது விதிவிலக்காக இருக்கும் என்ற நம்பிக்கையை 2022-இன் ரீ-எனர்ஜைஸ் ஆய்வு தகர்த்தது. 14 நாடுகளின் 54 மையங்களில் சுமார் 1,200 பேரைச் சேர்த்து, ஒரு பிரிவினருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.5 கிராம் வீதம் கொடுத்துப் பார்த்தும், உயிருடன் வீடு திரும்பும் காலம் சுருங்கவில்லை.

ஏன் இப்படி ஆயிற்று என்பதை உயிர்வேதியியல் சொல்கிறது. ஒரு குளுட்டமின் மூலக்கூறில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் உண்டு. குளுட்டமினேஸ் நொதி அதைப் பிளந்தால் ஒன்று அம்மோனியாவாகிறது. அதை யூரியாவாக்கக் கல்லீரல் வேண்டும், அந்த யூரியாவை வெளியேற்றச் சிறுநீரகம் வேண்டும். இரண்டும் நலிந்தவருக்கு நாம் தருவது ஊட்டமாகாது, நைட்ரஜன் சுமையாகும்.

சிரோசிஸில் இது இன்னும் தெளிவு. கல்லீரல் கைவிட்ட அம்மோனியாவைத் தசை குளுட்டமினாக மாற்றி அடக்கி வைக்கிறது. குடலும் சிறுநீரகமும் அதை மீண்டும் பிளந்து அம்மோனியாவாக ரத்தத்தில் விடுகின்றன. மூளையில் ஆஸ்ட்ரோசைட்டுகளுக்குள் சேரும் குளுட்டமின் நீரை இழுத்து அந்தச் செல்களை வீங்க வைக்கிறது. சிரோசிஸ் நோயாளிகளிடம் அம்மோனியாவை வேண்டுமென்றே உயர்த்தி, மூளை எப்படித் தாங்குகிறது என்று பார்க்கும் ஆய்வுச் சோதனை ஒன்று உண்டு. அதற்கு வாய்வழி கொடுப்பது 10 முதல் 20 கிராம் குளுட்டமின். நம் சீட்டில் ஒரு வேளைக்கு எழுதியிருப்பதும் அதே 10 கிராம்தான்.

ஆய்வகக் காரணம் மட்டும் போதாது என்ற பாடம் புற்றுநோயிலும் வேறல்ல. பல கட்டிகள் குளுட்டமினை நம்பி வளர்கின்றன என்பது ஆய்வகத்தில் உறுதி. ஆனால் குளுட்டமினேஸைத் தடுக்கும் டெலாக்ளெனாஸ்டாட், சிறுநீரகப் புற்றுநோயில் நடந்த கான்டாட்டா ஆய்வில், கபோஸான்டினிப் மருந்துடன் சேர்த்துத் தந்தபோது, அந்த மருந்தை மட்டும் தந்ததைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. ஒரு வழியை அடைத்தால் செல் மாற்று வழி தேடிக்கொள்கிறது.

அதற்காகக் குளுட்டமினை முழுதாக ஒதுக்கவும் வேண்டாம். அரிவாள் செல் ரத்தசோகைக்கு அமெரிக்க எஃப்டிஏ 2017-இல் எல்-குளுட்டமினை அனுமதித்தது. 230 பேரிடம் 48 வாரம் நடந்த ஆய்வில் வலி நெருக்கடிகளின் இடைநிலை எண்ணிக்கை மருந்துப்போலி பெற்றவர்களிடம் 4 ஆகவும், எல்-குளுட்டமின் பெற்றவர்களிடம் 3 ஆகவும் இருந்தது. இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் பதிவானது என்பதால் நமக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. ஆனால் அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் நிலையான உடல்நிலையில் இருந்தவர்கள். கல்லீரல், சிறுநீரக நோய் முற்றியவர்கள் சேர்க்கப்படவில்லை. பலன் கிடைத்ததற்கு அந்தத் தேர்வும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது.

எனவே நம் துறையினரிடம் வேண்டுவது இவை. பல உறுப்புகள் செயலிழந்தவருக்குக் குளுட்டமினைத் தனியாக எழுதாதீர்கள். ஐரோப்பிய ஊட்டச்சத்துச் சங்கமான எஸ்பனின் 2019 வழிகாட்டியும் கல்லீரல், சிறுநீரகச் செயலிழப்பு உள்ள நிலையற்ற நோயாளிகளுக்கு ரத்தநாள வழிக் குளுட்டமினை விலக்கியிருக்கிறது. சிரோசிஸ் நோயாளி ஜிம்மிலோ மருந்துக்கடையிலோ வாங்கிய பொடியைச் சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். மயக்கத்துடன் வந்தால் கட்டாயம் கேளுங்கள். உணவியல் நிபுணரும் மருத்துவரும் சீட்டைத் தினமும் சேர்ந்து பார்த்து, ஏன் என்று சொல்ல முடியாத வரியை அடித்துவிடுங்கள். மொத்தப் புரதத்தைப் போதுமான அளவு, உரிய நேரத்தில் தொடங்குங்கள். பரிசோதனை அறிக்கையில் ஓர் எண் குறைந்திருப்பது நோயின் அடையாளமாக மட்டும் இருக்கலாம். அதை ஏற்றிவிட்டால் நோயாளி தேறுவார் என்பதை ஆய்வு காட்டிய பிறகே மருந்துச் சீட்டில் எழுத வேண்டும்.