எதிர்பார்ப்பு என்னும் கள்ளத்தராசு



அமெரிக்கக் கால்பந்து ரசிகர்களிடையே ஓயாத வழக்கொன்று உண்டு. பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு எதிரணியின் கூட்டத்தைப் பிளந்து ஓடுகிறவரை அங்கே ‘ரன்னிங் பேக்’ என்பார்கள். அவர் நம்முடைய எதிர்பார்ப்பை நிறைவேற்றினாரா, இல்லையா என்பதே அந்த வழக்கு. ஞாயிறு ஆராதனையை முடித்துவிட்டு ஆட்டம் பார்க்க அமரும் உங்களில் சிலரும் அதில் நீதிபதிகளாய் வீற்றிருக்கிறீர்கள். அந்த நியாயாசனத்தின்மேலேயே இந்த வாரம் நான் குற்றம் சாட்டுகிறேன்.

சேக்வான் பார்க்லியை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 ஏப்ரலில் நடந்த வீரர் தேர்வில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி அவரை இரண்டாவது இடத்தில் தேர்ந்தெடுத்தது. முதல் பருவத்திலேயே அவர் 1,307 கெஜம் ஓடினார்; பிடித்த பந்துகளையும் கூட்டினால் 2,028 கெஜம். தாக்குதல் ஆட்டத்தின் சிறந்த புதுமுகம் என்ற விருதும் அவருக்கே கிடைத்தது. ஆயினும் அணி 16 ஆட்டங்களில் ஐந்தில் மாத்திரமே வென்றது. 2020 செப்டம்பரில் சிகாகோ மைதானத்தில் அவருடைய வலது முழங்காலின் தசைநார் கிழிந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தவர் 593 கெஜம்தான் ஓடினார். அவர் ‘பஸ்ட்’, அதாவது வீணாய்ப்போன தேர்வு என்ற பேச்சு அதோடு வலுத்தது.

எதிர்த்தரப்பின் வாதத்தை நான் மறைக்க விரும்பவில்லை. “இரண்டாவது இடம் என்பது எவ்வளவு விலையுயர்ந்த வாய்ப்பு! அதைக் கொண்டு குவார்ட்டர்பேக் ஒருவரை எடுத்திருக்கலாமே. அதே தேர்வில் ஜாஷ் ஆலன் ஏழாவது இடத்திலும் லாமார் ஜாக்சன் முப்பத்திரண்டாவது இடத்திலும் அல்லவா போனார்கள்?” என்கிறார்கள். அவ்விருவரும் பின்னாளில் அந்த லீகின் மிகச் சிறந்த வீரர் என்ற விருதைப் பெற்றவர்கள். ஆகவே கேள்வி நியாயமானதே. ஆனால் அதை யாரிடத்தில் கேட்க வேண்டும்? தேர்ந்தெடுத்தவர்களிடத்தில் அல்லவா! தன் பெயருக்கு முன்னால் எந்த எண் எழுதப்பட வேண்டும் என்பதை அந்த இளைஞர் தீர்மானிக்கவில்லை. நிர்வாகத்தின் கணக்கில் பிழை இருந்தால், அந்தப் பிழையை ஓடுகிறவனின் முதுகில் ஏற்றுவது எந்த ஊர் நியாயம்?

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். 2024இல் அவர் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணிக்குப் போனார். ரன்னிங் பேக்குகளின் கால்கள் தளரத் தொடங்கும் என்று கருதப்படும் 27 வயது அவருக்கு. அந்தப் பருவத்தில் 16 ஆட்டங்களில் 2,005 கெஜம் ஓடினார். ஒரே பருவத்தில் இரண்டாயிரம் கடந்த ஒன்பதாவது வீரர் ஆனார். மனிதர் அவரே. மாறியது அவருக்கு முன்னே நின்று வழி திறந்துவிட்ட ஐவர் முன்வரிசையும், அவரைச் சுற்றியிருந்த அணியுமே. ஒருவன் ஓடும் தூரத்தில் மற்றவர்களின் தோள்களும் இருக்கின்றன. ஆனால் குறைந்த தூரத்துக்கான பழியை மாத்திரம் தனியொருவன் பெயரில் எழுதுகிறோம்.

அப்போதாவது எதிர்பார்ப்பின் வாய் அடங்கியதா? 1984இல் எரிக் டிக்கர்சன் நிறுவிய 2,105 கெஜம் என்னும் சாதனையைத் தாண்ட 101 கெஜம் தேவையாயிருந்தது. ஒரு ஆட்டம் மீதியிருந்தது. அதுவும் ஜயன்ட்ஸுக்கு எதிராக. அணியோ அடுத்த கட்ட ஆட்டங்களை மனதில் கொண்டு அவருக்கு ஓய்வு கொடுத்தது. உடனே விவாதம் அந்த 101 கெஜத்தைப் பற்றியதாயிற்று! 2025 பிப்ரவரி 9ஆம் தேதி, தம்முடைய 28ஆம் பிறந்தநாளில், அவர் சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் ஓடியது 57 கெஜம்தான். ஆனால் அவருடைய அணி 40-22 என்று வென்றது. கெஜக்கோலை மட்டும் கையில் வைத்திருப்பவன் அந்த நாளை என்னவென்று எழுதுவான்?

இந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து பிறக்கிறது என்பதையும் கேளுங்கள். பார்க்லி தேர்வான மறுமாதமே, 2018 மே மாதத்தில், விளையாட்டுப் பந்தயங்களுக்கு மாநிலங்கள் அனுமதி அளிக்கத் தடையாயிருந்த சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் நீக்கியது. இன்று கைபேசியிலேயே ஒரு வீரர் இத்தனை கெஜம் ஓடுவாரா என்று பணம் கட்டலாம். பணம் கட்டியவனுக்கு ஆட்டக்காரன் மனிதனாகத் தெரிவதில்லை. வரவேண்டிய கடனாகத் தெரிகிறான். நாமே எழுதி, நாமே கையெழுத்திட்ட கடன் பத்திரத்துக்கு அவனிடத்தில் வட்டி கேட்கிறோம்.

“கோடிக்கணக்கில் ஊதியம் வாங்குகிறவரை விமரிசிக்கவே கூடாதா?” என்பீர்கள். தாராளமாக விமரிசியுங்கள். பந்தைக் கைநழுவ விட்டால் சொல்லுங்கள். குவார்ட்டர்பேக்கைக் காக்கத் தவறினால் சொல்லுங்கள். அது ஆட்டத்தைப் பற்றிய பேச்சு. ‘வீணாய்ப்போனவன்’ என்பதோ மனிதனைப் பற்றிய தீர்ப்பு. காலையில் துதி பாடிய நாவு மாலையில் அந்தத் தீர்ப்பை எவ்வளவு இலகுவாகச் சொல்லிவிடுகிறது!

அன்பானவர்களே, இது மைதானத்தோடு முடியும் பழக்கமும் அல்ல. கெஜக்கணக்கால் ஓர் அந்நியனை எடைபோடப் பழகிய கை, மதிப்பெண்ணால் மகனையும் சம்பளத்தால் மருமகனையும் எடைபோடும். ஆகையால் அடுத்த முறை ஒருவரைக் குறித்து ‘எதிர்பார்த்தபடி இல்லை’ என்று சொல்ல வாய் திறக்கும்போது, அந்த எதிர்பார்ப்பை வைத்தது யார், அவருக்கு வழி திறந்துவிடக் கடமைப்பட்டவர்கள் யார் என்று முதலில் கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்விக்கு உங்கள் பெயரே விடையாக வந்தால், தீர்ப்பைக் கீழே வைத்துவிட்டுத் தோள் கொடுக்கப் போங்கள்.