கட்டுச்சோறும் பொதுப்பந்தியும்

பொங்கல் வந்தால் கொல்கத்தாவில் நம்மவர் என்ன செய்கிறோம்? மண்டபம் பிடிக்கிறோம். மெல்லிசைக் குழுவுக்கு முன்பணம் கொடுக்கிறோம். சமையல் ஒப்பந்தக்காரர் இலை போடுகிறார்; உண்டுவிட்டுக் கலைகிறோம். உழவர் திருநாளில் உழவனின் பாட்டுக்கு மட்டும் இடமில்லை.

இந்த ஆண்டு நாங்கள் சில குடும்பத்தார் வேறு வழி பார்த்தோம். பீர்பூம் மாவட்டத்தில், அஜய் ஆற்றங்கரையில் இருக்கும் கெந்துளிக்குப் போனோம். கீதகோவிந்தம் பாடிய ஜெயதேவர் பெயரால் வழங்கும் ஊர் அது. நம் வீடுகளில் பொங்கல் பொங்கும் அதே நாட்களில்தான் அங்கே மகர சங்கராந்தி மேளா. பாவுல்களும் பக்கீர்களும் ஊர் ஊராக வந்து கூடுகிறார்கள். ஒற்றை நரம்பு ஏக்தாரா ஒரு கையில், காலில் சலங்கை, இரவெல்லாம் பாட்டு. மணலில் வைக்கோல் பரப்பி, மேலே தார்ப்பாய் கட்டி, நாங்களும் இரண்டு இரவு தங்கினோம். தைக்குளிர் எலும்பைத் துளைத்தது. பந்தலுக்குப் பந்தல் ஒலிபெருக்கி வைத்து ஒருவர் பாட்டை இன்னொருவர் விழுங்கும் கொடுமை அங்கும் உண்டு. ஆனாலும் விடியற்காலையில் ஒலிபெருக்கி ஓய்ந்த பிறகு கேட்ட ஒரு கிழவரின் குரலுக்காக இன்னொரு முறை போகலாம்.

கையோடு கட்டுச்சோறு கொண்டுபோயிருந்தோம். நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளிச்சோறு, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, வறுத்த கடலை. அங்கே பந்தலுக்குப் பந்தல் பெரிய அண்டாவில் கிச்சடி வேகிறது. வந்தவர் யாராயினும் தரையில் வரிசையாக உட்கார்ந்து தைத்த இலையில் உண்கிறார்கள். பெயர் கேட்பாரில்லை, காசும் வாங்குவதில்லை. இந்துவும் முசல்மானும் ஒரே மரபில் பாடுகிற கூட்டம் அது. 1890-இல் மறைந்த லாலன் பக்கீர் தம் பாட்டுகளில் சாதியைக் கேள்வி கேட்டவர். அவர் பாட்டைப் பாடிவிட்டுப் பந்தியைப் பிரிக்க முடியுமா?

எங்களில் ஒருவர், "நாம் நம் சோற்றையே சாப்பிட்டுக் கொள்வோம். யார் சமைத்ததோ, என்னவோ" என்றார். அவர் சொன்னது வெறும் வயிற்றுக் கவலை அன்று. நம் கட்டுச்சோற்றுக்கு இரண்டு முகம் உண்டு. ஒன்று, ஏழை தன் காசை மிச்சம் பிடிக்கும் முகம். மற்றொன்று, ரயிலேறினாலும் பிறர் கைச்சோறு உண்ணக்கூடாது என்று தீட்டைப் பொட்டலம் கட்டிச் சுமக்கும் முகம். அன்று இரவு எங்கள் புளிச்சோற்றை அடுத்த கூடாரத்தாருக்குப் பரிமாறினோம். அவர்கள் பேரீச்சை வெல்லம் வைத்த பிட்டே கொடுத்தார்கள். புத்தரிசியும் புதுவெல்லமும் சேர்ந்த பண்டம்; நம் பொங்கலுக்குத் தங்கைதான். பிறகு எல்லோரும் பொதுப்பந்தியில் உட்கார்ந்தோம். தயங்கிய நண்பரும் உட்கார்ந்தார்.

திரும்பும்போது வெட்கம் உறுத்தியது. சில ஆண்டுகளுக்கு முன் நம்மவர் விழா ஒன்றில் பறையடிக்க வந்த கலைஞர்களுக்குப் பந்தி முடிந்த பின், பின்வாசலில் சோற்றுப் பொட்டலம் கொடுத்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நாங்களும் சும்மா நின்றோம். பாவுல் பாட்டை 2005-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் செல்வம் என்று அறிவித்தது. பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அரசு விருது கொடுத்துவிட்டது. நாம் இன்னும் இலை போடவில்லை! பறையொலி கேட்டுக் கைதட்டுகிற நாம், அடித்தவரைப் பக்கத்தில் உட்கார வைக்கத் தயங்கினால், அந்தக் கைதட்டலுக்கு என்ன பொருள்?

ஆகவே அடுத்த பொங்கலுக்கு எங்கள் யோசனை இது. ஒப்பந்தச் சமையல் வேண்டாம். வீட்டுக்கு ஒரு பாத்திரம் வரட்டும். எந்த வீட்டுச் சோறு எந்த வீட்டுக்காரர் இலையில் விழுகிறது என்று யாரும் பார்க்க வேண்டாம். பறைக் கலைஞர்களை விருந்தினராக அழைத்து முதல் பந்தியில் உட்கார வைப்போம். விழா முடிந்ததும் அவர்களையும் அழைத்துக்கொண்டு கெந்துளிக்குப் போவோம். ஏக்தாராவும் பறையும் ஒரே மணலில் ஒலிக்கட்டும்.

பிழைக்க வந்த மண்ணின் பாட்டைத் தெரிந்துகொள்வது நமக்குக் கடமை. சொந்த மண்ணின் பாட்டுக்காரனுக்குச் சமமாக இலை போடுவது அதற்கும் முந்திய கடமை.