ஆறு மணி விருந்தாளி

ஐப்பசி மாதம் சென்னையில் விடிகாலை எழுந்து தெருவில் நடப்பவர்கள் பால் போடுகிறவர்கள், டாக்டர் மிரட்டியவர்கள், பறவை பார்க்கிறவர்கள். நான் இரண்டாம் ஜாதியில் புறப்பட்டு மூன்றாவதில் போய்ச் சேர்ந்தவன்.

"அதுக்கெல்லாம் வேடந்தாங்கல் போகணும் சார்" என்றார் ஆபீஸ் நண்பர். தேவையில்லை. தெருக்கோடி காலி மனை போதும். அங்கே இப்போது ஆறுமணிக் குருவி வந்து இறங்குகிற சமயம். காலையும் மாலையும் ஆறு மணிச் சுமாருக்கு விசில் அடிப்பதால் இந்தப் பெயர். மைனாவைவிடச் சின்னது. குட்டை வால், பச்சை முதுகு, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. இந்தியில் 'நவ்ரங்' என்கிறார்கள். ஆங்கிலத்தில் 'பிட்டா'. அது தெலுங்கிலிருந்து போன கடன். அங்கே 'பிட்ட' என்றால் பறவை.

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிறது. சில, கடல் தாண்டி இலங்கைக்கே போகின்றன. ரிசர்வேஷன் கிடையாது, ராத்திரிப் பயணம். அத்தனை தூரம் பத்திரமாக வந்துவிட்டு நம் ஃபிளாட்டின் கண்ணாடி ஜன்னலில் மோதி விழுவதும் உண்டு. கண்ணாடிக்குள் தெரியும் மரம் பொய் என்று அதற்குத் தெரியாது.

அப்படி ஒன்று பால்கனியில் கிடந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் மூடி, சத்தமில்லாத மூலையில் ஒரு மணி நேரம் வையுங்கள். தெளிந்ததும் வெளியே கொண்டுபோய்த் திறந்தால் பறந்துவிடும். பறக்கவில்லையென்றால் மிருக டாக்டர்.

சாப்பாடு விஷயத்திலும் நம் தயவு வேண்டும். சருகைப் புரட்டி அடியில் இருக்கும் புழு பூச்சியைத் தின்கிற பறவை இது. காலி மனையை 'க்ளீன்' பண்ணுகிறேன் என்று சருகைக் கொளுத்தினால், கொளுத்துவது அதன் மெஸ்ஸை. எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் சருகை ஏப்ரல் வரை விட்டுவைக்கச் சொன்னேன். "பாம்பு வருமே சார்?" என்றார் செயலாளர். நியாயமான பயம். வீடுகளை விட்டுத் தள்ளி, பின் மதில் ஓரமாகப் பத்துக்குப் பத்தடி என்று பேரம் படிந்தது.

பைனாகுலர் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். இப்போதைக்குக் காது போதும். நாளைக் காலை ஆறு மணிக்கு விசில் கேட்டால், பக்கத்து வீட்டுப் பையனைச் சந்தேகப்படாதீர்கள்.