மாத்திரை மட்டும் போதுமா?

நாமக்கல் என்றால் லாரி, முட்டை. 1990களில் எய்ட்ஸ் என்ற பெயரும் இந்த ஊரோடு ஒட்டிக்கொண்டது. நோய் வந்தவருக்கு வீட்டிலேயே தனித் தட்டு, தனிப் பாய்! கணவரிடமிருந்து தொற்று வந்த மனைவிக்குத்தான் பழியும்.

நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா, தானும் பாதிக்கப்பட்டவர், இப்படிப்பட்ட பெண்களுக்காக 1998-ல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். 2004-ல் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து தரத் தொடங்கியது. ஆயுள் நீண்டது. பயம் போனதா?

தினமும் தவறாமல் மாத்திரை சாப்பிட மனதில் தெம்பு வேண்டும், வீட்டின் துணையும் வேண்டும். நர்ஸ் நோயாளியின் கையைப் பிடித்துப் பேசினால், தொட்டால் ஒட்டாது என்பது விஷயம் தெரிந்த மாமியாருக்கும் புரியும். சுவரில் ஒட்டிய நோட்டீஸ் அதைச் செய்யாது.

ரகசியம் காக்க 2017-ல் சட்டம் வந்துவிட்டது. பேச நேரம்? ஊசி போடுவது வேலை என்றால் ஆறுதல் சொல்வதும் வேலைதான். அதற்கும் டியூட்டியில் நேரம் ஒதுக்க வேண்டும்.